சஷ்டி பிடித்த சாரை

வேலி அடைத்த நாளில்தான் ராசன் எங்களுக்குக் கிடைத்தான். நாரந்தனையில் எங்கள் வீட்டு வளவின் மேற்கு வேலியில் பழைய பனையோலையைப் பிடுங்கிவிட்டுப் புதிது கட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பா. உக்கிப்போன ஓலைக் கட்டின் கீழிருந்து முழங்கை நீளத்தில் ஒரு பாம்பு வெளியே வந்து, வெயிலைக் கண்டதும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. சித்தப்பா கத்தியை ஓங்கவில்லை. எங்கள் வீட்டில் பாம்பை அடிப்பதில்லை. நயினாதீவுக் கோயில் அம்மாளுக்குக் கடல் கடந்து பூக்கொண்டு போன பாம்பின் வம்சம் என்று உலகத்துப் பாம்புகள் எல்லாவற்றையும் அப்பா ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடுவார்.

"சாரைக்குட்டி. ஒண்டுஞ் செய்யாது" என்று சொல்லி, சித்தப்பா அதை ஒரு வாளிக்குள் போட்டு மூடி வைத்தார். வேலி முடிந்ததும் பனை வடலிக்குள் கொண்டுபோய் விடுவதாக எண்ணம். வேலி முடிவதற்குள் நான் அதற்குப் பெயர் வைத்துவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, சித்தப்பா என்று நான்கு பெரியவர்கள் இருந்த வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை. அதற்குரிய எல்லாக் கெட்ட குணங்களும் என்னிடம் இருந்தன. நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி என்று அம்மா வருகிறவர்களிடம் குறையாகச் சொல்வார்; எனக்கு அது பெருமையாகக் கேட்கும். அன்று வாளி மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தவள், பொழுதுபடும்வரை எழும்பவில்லை. கடைசியில் அப்பாதான் தீர்ப்புச் சொன்னார்.

"அம்மாளாச்சி அனுப்பினது. பிள்ளை ஆசைப்படுது, கொஞ்சநாள் இருக்கட்டும்."

விறாந்தை மூலையில் ஒரு பழைய சாப்பாட்டு அலுமாரி கிடந்தது. ஈ, இலையான் புகாதபடி நாலு பக்கமும் சின்னக் கண் கம்பிவலை அடித்தது. வீட்டுக்குக் குளிர்சாதனப்பெட்டி வந்தபிறகு அது குசினியிலிருந்து தள்ளப்பட்டுவிட்டது. அதற்குள் மணல் பரப்பி, ஒரு சட்டியில் தண்ணீரும் வைத்து ராசனை விட்டோம். இத்தனை காலம் எங்கள் சோறும் கறியும் இருந்த அலுமாரிக்குள் இருந்துகொண்டுதான் அவன் எதையும் தின்னமாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கினான்.

முதலில் பால் வைத்தோம். பாம்புக்குப் பால் வைப்பதென்பது எங்கள் வீட்டில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமல்ல, விளக்கு வைப்பதுபோல் தானாக நடக்கும். காலையில் வைத்த ஆட்டுப்பால் மத்தியானம் திரைந்து கிடந்தது. "பாம்பு குடிக்கிறது கண்ணுக்குத் தெரியாது" என்றார் அப்பா. அடுத்தநாள் கப்பல் வாழைப்பழம் வைத்தோம். அதற்கடுத்தநாள் சர்க்கரைப் பொங்கல். எறும்புகளுக்கு அந்தக் கிழமை நல்ல கொண்டாட்டம்.

இரண்டாம் கிழமை முடிவில் அடுத்த வளவு அக்கா வந்து பார்த்தார். அவர்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிற கடற்றொழில் குடும்பம். அலுமாரிக்குள் பஞ்சாமிர்தம் இருக்கக் கண்டு அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"ஐயோ பிள்ளை! உது தவளை தின்னிற சாமான். உதுக்குப் போய் அமுது படைக்கிறியளே?"

மறுநாள் அவர் வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் இரண்டு சின்ன மீன்களைத் தாளில் சுற்றித் தந்தார். நான் அதை ஒருவருக்கும் தெரியாமல் ராசனுக்கு முன்னால் வைத்தேன். செத்த மீனை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அப்பா வேலையால் வந்து, பஸ் தரிப்பிலிருந்து மிதித்த சைக்கிளை நிறுத்துமுன்பே அவருடைய மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது. முட்டை பட்ட கரண்டியையே வீட்டுக்குள் எடுக்காத சைவ வீடு எங்களுடையது. விறாந்தைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அக்காவுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே விசயம் கேள்விப்பட்டு, இனி நான் ஒன்றும் தரமாட்டேன் பிள்ளை, உங்கள் அப்பாவின் மனம் நோகும் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கந்தசஷ்டி தொடங்கியது.

எங்கள் வீட்டில் சஷ்டி என்றால் சித்திதான். விடியுமுன் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு, பகல் முழுக்கப் பச்சைத்தண்ணீருடன் இருந்து, பின்னேரம் கோயிலால் வந்து கொஞ்சம் பாலும் ஒரு பழமும் எடுப்பார். ஆறாம் நாள் சூரன்போர். ஏழாம் நாள் விடியப் பாறணை, அப்போதுதான் சோறு. இப்படி ஆறு நாளை ஆறு வருடம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு தரம் முறிந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான். பெண்களுக்கு ஆறு நாளும் தடையில்லாமல் அமைவதே அருமை, இவளுக்கு ஐந்து வருடமும் அமைந்துவிட்டது, முருகன் ஏதோ நினைத்துத்தான் செய்கிறான் என்று அம்மா சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். இது ஆறாவது வருடம். சித்தி கலியாணம் முடித்து ஒன்பது வருடம் ஆகியும் பிள்ளையில்லை, அதற்காகத்தான் விரதம். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஏழாம் வாய்ப்பாடு தெரிந்ததுபோலத் தெரியும்.

முதல் நாள் அலுமாரியைத் துடைக்க வந்த அம்மா, திரைந்த பாலை வெளியே எடுத்தபடி, "ராசனும் சஷ்டி பிடிக்கிறார்போல" என்று பகிடி விட்டார். அப்பா அந்தப் பகிடியைப் பகிடியாக எடுக்கவில்லை. கொஞ்சநேரம் கம்பிவலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டினார். அடுத்தநாள் அப்பா யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் மண்டைதீவுச் சந்தி தாண்டுவதற்குள் செய்தி பரவிவிட்டது. பின்னேரம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் அலுமாரிக்கு மேலே செவ்வரத்தம்பூ வைத்தார். இன்னொருவர் கற்பூரம் கொளுத்தப் பார்க்க, மரம் எரிந்துவிடும் என்று சித்தப்பா தடுத்துவிட்டார். பாம்பு பட்டினியால் அசையாமல் கிடந்ததை எல்லாரும் தியானம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த வளவு அக்கா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார். "விரதமுமில்லை ஒண்டுமில்லை. முள்ளந்தண்டு தெரியுது, பாத்தனீரோ? உது சாகப்போகுது பிள்ளை."

அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. ராசன் என் கையில் சுற்றிக்கொண்டால் முன்பு ஒரு இறுக்கம் இருக்கும். இப்போது ஈரச் சணல் கயிறுபோலத் தொங்கினான். எப்படியாவது அவனைத் தின்னவைப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன். மாரி மழை தொடங்கி, கிணற்றடி வாய்க்காலில் தவளைகள் இரவுபகலாகக் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்துப் போட்டால் காரியம் முடிந்தது. அதில் ஒரு சிக்கல். பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிற எனக்குத் தவளை என்றால் சரியான பயம். ஒன்று துள்ளினால் நான் கதிரையில் ஏறிவிடுவேன். சித்தப்பாவைக் கேட்டேன். "கொப்பரைக் கேள்" என்றார். அப்பாவைக் கேட்டேன்.

"சஷ்டிக்குள்ள சைவ வீட்டில உயிர்க்கொலையோ? வாயில பூவோட கடலைக் கடந்த பாம்பு வழியில எதையெண்டாலும் திண்டதோ?"

நான் போய் ராசனின் தண்ணீர்ச் சட்டியை மாற்றினேன்.

நாலாம் நாள் காலை, அம்மா வைத்த பிட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். "ராசன் சாப்பிடாமல் நான் சாப்பிடமாட்டன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். வீடு கலங்கிப்போகும், அப்பா ஓடிப்போய்த் தவளை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பாவுக்குக் கண் கலங்கியது உண்மைதான். ஆனால் அது ஆனந்தக் கண்ணீர்.

"கேட்டியே! பிள்ளையும் சஷ்டி பிடிக்குது!" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அதற்குப்பிறகு நான் செய்ததெல்லாம் எனக்கே எதிராகத் திரும்பியது. பாலும் பழமும் தந்தார்கள், தட்டிவிட்டேன். பாலும் வேண்டாமாம், முழு உபவாசமாம் என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்னை எழுப்பிவிட்டு, இந்த வயதில் இந்தப் பக்தி என்று வகுப்பையே கைதட்ட வைத்தார். வீட்டுக்கு வந்து, "நான் விரதமில்லை! நான் கோபம்!" என்று காலை நிலத்தில் அடித்துக் கத்தினேன். "விரதகாரர் கோபிக்கக்கூடாது, பிள்ளை" என்று அப்பா அன்பாகச் சொன்னார். சஷ்டிக் காலத்தில் எங்கள் ஊரில் உண்ணாவிரதம் இருந்து ஒரு நியாயம் கேட்பது எவ்வளவு வீண் வேலை என்பதை நான் அனுபவத்தில் கண்டவள்.

ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. இரவு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அலுமாரியடியில் பாயைப் போட்டுப் படுத்தேன். ஐந்தாம் நாள் எழும்பி முகம் கழுவப் போனபோது கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் சரிந்ததுபோல இருந்தது. பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பெருமை போய்ப் பயம் வந்துவிட்டது. மடியில் வைத்துக் கெஞ்சினார், பிறகு அடித்தார், பிறகு அழுதார். நான் பல்லை இறுக்கிக்கொண்டு ராசனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம், பிள்ளையின் பேரில் அருச்சனை செய்துகொண்டு வருவோம் என்று அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் கோயிலுக்குப் போனார்கள். தனக்குத் தலையிடி என்று சொல்லிச் சித்தி நின்றுவிட்டார். கோயிலுக்கென்று தோய்ந்து, உடுத்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்து என் பாயில் இருந்தார்.

"நீர் விரதமில்லைத்தானே?"

"இல்லை."

அந்த இரண்டு நாளில் அதை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஐந்து நாளாகப் பசியோடு இருக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது, எது விரதம் எது பட்டினி என்று.

"பசிக்குதோ, குஞ்சு?"

நான் அழுதுவிட்டேன்.

சித்தி எழும்பினார். குசினிக்குள் போய் வெறும் பால்மாத் தகர ரின் ஒன்றை எடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். நான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கிணற்றடி வாய்க்காலுக்குள் சித்தி குனிவதும், "முருகா" என்று பாய்வதும், தவளை தப்புவதும், சித்தி சேற்றில் முழங்காலில் விழுவதும், எழும்பி மறுபடி "முருகா" என்று பாய்வதுமாக இருந்தது. ஒரு தரம் முழுதாக விழுந்து தலைமயிரிலும் சேறு அப்பிக்கொண்டது. எனக்கு அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. தவளையைப் பிடிக்கிறவர் யாரும் முருகனைக் கூப்பிட்டு நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

கடைசியில் உள்ளங்கையால் ரின்னின் வாயை அடைத்துக்கொண்டு வந்தார். விபூதி கரைந்து ஓடியிருந்தது. அலுமாரிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ரின்னைச் சரித்துவிட்டு, "அங்காலை திரும்பும்" என்றார். நான் திரும்பினேன். அவரும் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தவளை இரண்டு தரம் பலகையில் துள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. எண்ண முடியாத அளவு நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ராசனின் வாய்க்கு வெளியே இரண்டு பின்னங்கால்கள் மட்டும் இருந்தன. நான் கூவினேன். சித்தி கண்ணை மூடி, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாக அள்ளி ஊற்றுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

ஈரத்தலையோடு திரும்பி வந்தபோது அவர் கையில் சோற்றுக் கோப்பை இருந்தது. சுடுசோறு, பருப்பு, கொஞ்சம் நெய். குழைத்து ஒரு கவளம் நீட்டினார்.

அந்த நேரத்தில் ஒழுங்கான பிள்ளை என்றால் வாயைத் திறந்திருக்கும். எனக்கு வெற்றி தலைக்கேறியிருந்தது. ஊரையே எதிர்த்து வென்றவள் நான். ராசன் சாப்பிட்டுவிட்டான், நான் சாப்பிடப்போகிறேன், இந்தச் சந்தோசத்தில் சித்தி மட்டும் ஏன் பட்டினி இருக்கவேண்டும்? எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. சாப்பிடாமல் இருந்தால் நினைத்தது நடக்கும் என்பதும் இப்போதுதானே தெரிந்தது.

"நீங்களும் சாப்பிடுங்கோ. அப்பதான் நானும்."

"எனக்கு நாளண்டைக்கு விடியப் பாறணை, குஞ்சு. நீர் சாப்பிடும்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இது சித்திக்கு ஆறாவது வருசமெல்லே?" என்று கெஞ்சினார்.

"அஞ்சு வருசமும் அஞ்சு நாளும் பிடிச்சிட்டியள்தானே. ஒரு வாய்க்கு என்ன?"

சித்தி கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் உதடு வெடித்துத் தோல் எழும்பியிருந்ததை அம்மா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். அவர் என்னை இன்னும் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்தார். நான் அசையவில்லை, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு "இஞ்சை பாரும்" என்றார். திரும்பினேன். எனக்கு நீட்டியிருந்த அந்தக் கவளத்தை அவர் தன்னுடைய வாய்க்குள் வைத்தார். மென்றார். விழுங்குவதற்குச் சங்கடப்பட்டதுபோல் இருந்தது, தண்ணீர் குடித்தார். அடுத்த கவளத்தை எனக்குத் தந்தார். அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று எண்ணியெண்ணி நான் கோப்பையை முடிக்க வைத்தேன்.

கைகழுவிக்கொண்டிருந்தபோது சொன்னார். "அம்மாவிட்டைச் சொல்லாதையும்."

"தவளையையோ?"

"தவளையைச் சொல்லும். சோத்தைச் சொல்லாதையும்."

சொல்லவில்லை. தவளைக் கதையே பெரிதாக இருந்ததில் சோறு எனக்கு ஞாபகத்திலும் நிற்கவில்லை. அப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். நான் சோறு தின்றதைக் கேட்டதும், அதுவும் அம்மாளின் திருவிளையாடல் என்று முடித்துவிட்டார். அடுத்தநாள் சூரன்போருக்கு எல்லாரும் போனோம். சித்தியும் வந்து சனத்துக்குப் பின்னால் நின்றார். பாறணையன்று அம்மா அவருக்கு வாழையிலையில் பன்னிரண்டு கறியோடு படைத்து, ஆறு வருடம் நிறைந்துவிட்டது என்று கட்டிப்பிடித்து அழுதார். சித்தி இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ராசன் அதன்பிறகு கிழமைக்கு இரண்டு தவளை என்று நன்றாகத் தின்று, தைமாதம் ஒரு முழுச் சட்டை கழற்றி, அலுமாரிக்குள் அடங்காத அளவு வளர்ந்தான். சித்தப்பாவும் நானும் கொண்டுபோய் வடலிக்குள் விட்டோம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வருடம் போனது. சித்தி அதன்பிறகு சஷ்டி பிடிக்கவில்லை. ஆறு வருடம் முடித்தவர் ஏன் பிடிக்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவுமில்லை. ஒருநாள் குசினியில் அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார், சித்தி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். ஊரில் யாருக்கோ குழந்தை பிறந்த செய்தி வந்திருந்தது. அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"ஆறு வருசம். ஒரு நாள் பிசகாமல் பிடிச்சவள். அந்த முருகனுக்குக் கண்ணில்லையே?"

சித்தி தலை நிமிரவில்லை. இலையை உருவிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதிலாக நான் வாயைத் திறந்தேன். இப்போது நினைத்தாலும் முகத்தைப் பொத்திக்கொள்ளத்தான் வருகிறது.

"சித்தி ஆறு வருசம் பிடிச்சும் கேட்டது கிடைக்கேல்லை. நான் ரெண்டே ரெண்டு நாள்தான் பிடிச்சனான், எனக்குக் கிடைச்சுது. பிடிக்கிறமாதிரிப் பிடிக்கவேணும்."

அம்மா திருவலையில் இருந்தபடியே என்னை அடிக்கக் கையோங்கினார். சித்தி அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். சிரித்தார்.

"ஓம், குஞ்சு. நீர் பிடிச்சதுதான் விரதம்."

நான் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன். அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில், இதை என்னுடைய சித்தியே ஒத்துக்கொண்டவர் என்று எல்லாருக்கும் சொன்னேன்.